கீமோவுக்கு அப்புறம் முடி: ஏன் கொட்டுது, எப்ப வருது, ஏன் வேற மாதிரி வருது

கேன்சருக்கு கீமோன்னு டாக்டர் வாயிலேர்ந்து வந்த உடனே பாதி பேர் கேக்குற மொத கேள்வி "முடி எல்லாம் கொட்டிருமா டாக்டர்"ங்கிறதுதான். உயிரு பெருசா முடி பெருசான்னு அட்வைஸ் பண்ற சொந்தக்காரங்க எல்லா வீட்லயும் ஒருத்தர் இருப்பாங்க, அவங்களை விடுங்க. நோய் உள்ள இருக்கு, நாமளா சொன்னாத்தான் வெளிய தெரியும், ஆனா முடி போனா தெருமுனை கடைக்காரர் வரைக்கும் தெரிஞ்சிரும், அதனால அது நியாயமான கேள்விதான். எங்க சித்திக்கு மார்புல கட்டி வந்து கீமோ ஓடுனப்ப கூட இருந்து பாத்தது, அப்புறம் உக்காந்து படிச்சது, டாக்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டது எல்லாத்தையும் சேத்து இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, மருந்து விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு.

மொதல்ல முடி எப்படி வளருதுன்னு பாத்துடலாம், ஏன்னா இது ஒண்ணு புரிஞ்சுட்டா மிச்ச கேள்விக்கெல்லாம் பதில் தானா வந்துரும்.

வெளிய தெரியுற முடி பூரா உயிர் இல்லாதது. நாம எண்ணெய் தடவுறது, சீவுறது, சடை பின்றது எல்லாமே செத்துப்போன செல்லுங்க மேலதான், அதனாலதான் வெட்டுனா வலிக்கிறது இல்ல. உயிரோட இருக்கிற பகுதி தோலுக்கு அடியில, மயிர்க்கால்ங்கிற குழிக்குள்ள. அந்தக் குழியோட அடியில குமிழ் மாதிரி ஒரு பாகம், அங்க இருக்கிற செல்லுங்க ராப்பகலா ரெண்டு ரெண்டா பிரிஞ்சுகிட்டே இருக்கும், நம்ம ஒடம்புலயே ரொம்ப வேகமா பிரியுற செல்லுங்கள்ல இதுவும் ஒண்ணு. புதுசு பிறந்து பழசை மேல தள்ள, பழசு காஞ்சு இறுகி முடியா வெளிய வருது, மாசத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர்.

ஆனா எல்லா முடியும் எப்பவும் வளந்துகிட்டே இருக்கிறது இல்ல. தலையில சுமார் 1 லட்சம் முடி இருக்குன்னா அதுல 85லேர்ந்து 90 சதவீதம் வளர்ற கட்டத்துல இருக்கும், ஒரு முடி இந்தக் கட்டத்துல 2 வருஷம்லேர்ந்து 6 வருஷம் வரைக்கும் ஓடும், அப்புறம் ரெண்டு மூணு வாரம் வேர் சுருங்கும், அப்புறம் ஒரு மூணு மாசம் சும்மா இருந்துட்டு விழுந்துரும், விழுந்த எடத்துலயே புதுசு முளைக்கும். தினம் சீப்புல 50, 100 முடி வர்றது இந்த சும்மா இருந்த கூட்டம்தான், அதுக்கு யாரும் பயப்பட வேண்டியது இல்ல.

இப்ப கீமோவுக்கு வருவோம். நிறைய கீமோ மருந்துங்க வேலை செய்யுற விதம் என்னன்னா வேகமா பிரியுற செல்லைப் பாத்து அடிக்கும். கேன்சர் செல் வேகமா பிரியும், அதனால அடி வாங்கும், ஆனா அந்த மருந்துக்கு இது கேன்சர் இது நல்லதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, யார் வேகமா பிரிஞ்சாலும் அடிதான். வாய்க்குள்ள இருக்கிற தோல் வேகமா புதுசாகுற எடம், அதனால வாய்ப்புண். குடலோட உள்பக்கமும் அப்படித்தான், அதனால வயித்துப்போக்கு. எலும்பு மஜ்ஜை ரத்தம் தயாரிக்கிற எடம், அதனால ரத்த அணுக்களோட கவுண்ட் கொறையுது. அதே வரிசையில முடியோட குமிழ். அதுலயும் நம்ம துரதிர்ஷ்டம், 100க்கு 85, 90 முடி வளர்ற கட்டத்துல இருக்கு இல்லயா, அத்தனையும் ஒரே நேரத்துல மாட்டிக்குது.

குமிழ்ல செல் பிரியுறது திடீர்னு நின்னா என்னாகும்? அந்த எடத்துல முடி ரொம்ப மெலிஞ்சு போகும், மெலிஞ்ச எடத்துல படக்குனு ஒடஞ்சு கையோட வந்துரும். கீமோல கொட்டுன முடியோட அடி முனையைக் கொஞ்சம் வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, சாதாரணமா கொட்டுற முடியில வெள்ளையா சின்னதா ஒரு குண்டு இருக்கும், இதுல நிறைய முடிக்கு அது இருக்காது, முனை ஒடுங்கிக் கூரா இருக்கும். டைபாய்டு, டெங்கு வந்து தேறுன அப்புறம், இல்ல புள்ள பெத்த அப்புறம் கொட்டுதே, அது வேற கதை, அதுல முடி அதிர்ச்சியில ஓய்வுக் கட்டத்துக்குப் போய் ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் விழும், மொத்தமாவும் போகாது. கீமோல அப்படிக் காத்திருக்கிறதே கிடையாது. மொத டோஸ் போட்டு ரெண்டாவது இல்ல மூணாவது வாரத்துல ஆரம்பிச்சுரும், ஒரு மாசம் ரெண்டு மாசத்துக்குள்ள கிட்டத்தட்ட முடிஞ்சுரும்.

கொட்டுறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே சிலருக்கு தலை வலிக்கும், தலைவலி இல்ல, தலைத்தோல் வலிக்கும், தலையணையில வச்சாலே சுருக்குங்கும், முடியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளுனாலே வலிக்கும். சித்தி இதை யார்கிட்டயும் சொல்லாம ரெண்டு நாள் தைலம் தேச்சுகிட்டு இருந்தாங்க, அப்புறம் ஒரு நாள் தலைக்கு ஊத்திட்டு சிக்கெடுக்க உக்காந்தாங்க, கை வச்ச எடமெல்லாம் கொத்து கொத்தா வந்துச்சு, பாத்ரூம்ல தண்ணி போகாம ஜாலி அடைச்சுகிச்சு. அன்னிக்கு சாயங்காலமே என் தம்பியைக் கூப்ட்டு ட்ரிம்மர் எடுத்துட்டு வாடான்னுட்டாங்க. அழுகை இருந்துச்சுதான், ஆனா சோத்துலயும் நைட்டி காலர்லயும் முடி ஒட்டிகிட்டே இருந்த தொல்லை அன்னியோட நின்னுச்சு. என்னைக் கேட்டா முழுசா கொட்டுற வரைக்கும் காத்திருக்காம கொஞ்சம் ஆரம்பிச்ச உடனே ஒட்ட வெட்டிக்கிறது நல்லது, ஆனா கட்டாயம் ஒண்ணும் இல்ல, அவங்கவங்க மனசு.

ஒரு விஷயம் மட்டும் கவனம். டோஸ் போட்டு ஒரு வாரம் பத்து நாள் வாக்குல வெள்ளை அணு ரொம்ப கொறைஞ்சிருக்கும், அந்த நேரத்துல சலூன்ல போய் பிளேடு போட்டு வழிச்சு ஒரு கீறல் விழுந்தா அது வழியா கிருமி போகும், அப்புறம் காய்ச்சல் வந்து அட்மிட் ஆகுற நெலமை. அதனால பிளேடு வேணாம், சுத்தமான ட்ரிம்மர் போதும்.

எல்லா கீமோவுக்கும் முடி கொட்டுமான்னா இல்லவே இல்ல, இதை நம்ம ஆளுங்க நிறைய பேர் தெரியாமத்தான் பயப்படுறாங்க. டாக்சோரூபிசின்னு ஒரு மருந்து, செவப்பா இருக்கும், வார்டுல செவப்பு மருந்துன்னே பேரு, அதுக்கு கிட்டத்தட்ட எல்லாருக்கும் கொட்டும். பாக்லிடாக்சல், டோசிடாக்சலும் அப்படித்தான், சைக்ளோபாஸ்பமைட், எட்டோபோசைடு, ஐபாஸ்பமைடு இதெல்லாமும் கொட்ட வைக்கிற கூட்டம், ரெண்டு மூணு சேத்துக் குடுத்தா இன்னும் வேகம். ஆனா குடல் கேன்சருக்குக் குடுக்குற ஆக்சாலிபிளாட்டின், கேப்சிடபின் மாத்திரை இதுக்கெல்லாம் பெரும்பாலும் முடி மெலியுமே ஒழிய மொட்டையாகுறது இல்ல. ஜெம்சிடபினும் அப்படித்தான்.

இங்கதான் ஒரு பெரிய தப்பான நம்பிக்கை வருது. பக்கத்து பெட் அம்மாவுக்கு மொத்தமும் போச்சு, எனக்கு போகல, அப்ப எனக்கு மருந்து வேலை செய்யலயோன்னு. முடி கொட்டுறதுக்கும் கட்டி கரையுறதுக்கும் சம்பந்தமே இல்ல. என்ன மருந்து, எவ்வளவு டோஸ், எப்படி குடுக்குறாங்கங்கிறதைப் பொறுத்து கொட்டுது, அவ்வளவுதான். மருந்து வேலை செய்யுதா இல்லயான்னு ஸ்கேன் சொல்லட்டும், சீப்பு சொல்ல வேணாம்.

சரி, போன முடி ஏன் திரும்ப வருது? வேகமா பிரியுற செல்லுங்க அடி வாங்குது, ஆனா அதே மயிர்க்கால்ல கொஞ்சம் மேல ஒரு எடத்துல ஸ்டெம் செல்லுங்க இருக்கு, இதுங்க சோம்பேறிங்க, எப்பவாவது தேவைப்பட்டாத்தான் பிரியும், அதனால மருந்து இதுங்களைப் பெருசா கண்டுக்காது. கீமோ முடிஞ்ச உடனே இதுங்கதான் இறங்கி வந்து குமிழை மறுபடி கட்டுது. நாம கோயில்ல மொட்டை போடுறதுக்கும் கீமோ மொட்டைக்கும் இதுதான் வித்தியாசம். பழனியில மொட்டை போட்டா வேர் ஓடிகிட்டே இருக்கு, மேல இருக்கிறதை மட்டும் வழிச்சிருக்கோம், அதனால மறுநாளே சொரசொரன்னு வந்து நிக்கும். கீமோல வேரே வேலையை நிறுத்தியிருக்கு, அது மறுபடி ஆரம்பிக்க நாளாகும். எங்க தெருவுல ஒரு அக்கா கேட்டாங்க, சமயபுரத்துக்கு மொட்டை போட்டேன்னீங்களே, ஏன் இன்னும் ஒண்ணுமே முளைக்கலன்னு. சித்தி அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாங்க, பதில் சொல்ல முடியாம சிரிச்சு சமாளிச்சாங்க.

எப்ப வரும்னு தேதி போட்டு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா பொதுவா ஒரு போக்கு இருக்கு. கடைசி டோஸ் முடிஞ்சு மூணு நாலு வாரத்துல பூனை முடி மாதிரி மெல்லிசா, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாத்தான் தெரியுற மாதிரி வரும். ஒரு மாசம் ரெண்டு மாசத்துல நிஜ முடி தலைகாட்டும். ஆறு மாசத்துல பாய் கட்டிங் மாதிரி நிக்கும். இடுப்பு வரைக்கும் சடை போட்டவங்க பழைய நீளத்துக்கு வரணும்னா மாசம் 1 சென்டிமீட்டர் கணக்குல வருஷக்கணக்காகும், இதை முன்னாடியே தெரிஞ்சு வச்சுகிட்டா மூணாவது மாசத்துல ஸ்கேல் வச்சு அளந்து பாத்து வெறுத்துப் போகாம இருக்கலாம். சிலருக்கு கீமோ ஓடிகிட்டு இருக்கும்போதே, முக்கியமா செவப்பு மருந்து முடிஞ்சு வாராவாரம் பாக்லிடாக்சல் போகும்போது, லேசா முளைக்க ஆரம்பிக்கும், அதைப் பாத்தும் மருந்து வேலை செய்யலன்னு நெனைக்க வேணாம்.

அப்புறம் எல்லாரும் அசந்து போற விஷயம், வர்ற முடி வேற மாதிரி வர்றது. கோரை முடியா இருந்தவங்களுக்கு சுருட்டையா வருது, கருகருன்னு இருந்தவங்களுக்கு சாம்பலா, நரையா வருது, தடிமனா இருந்தது பஞ்சு மாதிரி வருது, அபூர்வமா நரையா இருந்தது கொஞ்சம் கருப்பாவும் வருது. சித்திக்கு பின்னங்கழுத்துல சின்னச் சின்னதா வளையம் வளையமா வந்துச்சு, எங்க வம்சத்துலயே சுருட்டை முடி கிடையாது, எங்க பாட்டி அதைத் தடவிப் பாத்துட்டு யார் வீட்டு முடிடி இதுன்னு கேட்டாங்க.

இதுக்குக் காரணம் மயிர்க்காலுக்குள்ளதான் இருக்கு. குமிழ் நேரா, எல்லா பக்கமும் ஒரே வேகத்துல செல் பிரிஞ்சா முடி நேரா வரும். ஒரு பக்கம் வேகமா ஒரு பக்கம் மெதுவா பிரிஞ்சா வளைஞ்சுதான் வரும். கீமோ அடிச்சு ஓஞ்ச பிறகு குமிழ் மறுபடி கட்டும்போது எல்லா பக்கமும் ஒண்ணா எந்திரிக்கிறது இல்ல, கோணல்மாணலா ஆரம்பிக்குது, அதான் சுருட்டை. நாளாக ஆக ஒழுங்குக்கு வரும்போது வர்ற முடியும் பழைய குணத்துக்குத் திரும்பும். ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்துல நிறைய பேருக்கு வேர்ப்பக்கம் நேராவும் நுனிப்பக்கம் சுருட்டையாவும் இருக்கும், அந்த நுனியை வெட்டிட்டா பழைய முடி. சிலருக்கு கொஞ்சம் மாற்றம் அப்படியே நின்னுடுறதும் உண்டு.

நரைக்கு வேற கணக்கு. முடிக்கு நிறம் குடுக்கிற செல்லுங்க தனி, குமிழ்லயே இருந்துகிட்டு வளர்ற முடிக்குள்ள கருப்பு நிறத்தை ஏத்திகிட்டே இருக்கும். கீமோல இதுவும் அடி வாங்கும், முடி செல்லு மொதல்ல எந்திரிச்சு வேலையை ஆரம்பிச்சுரும், நிற செல்லு லேட்டா வரும், அந்த இடைவெளியில வர்ற முடி வெளுத்து வரும். இன்னொண்ணும் இருக்கு, இதை யாரும் வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, அம்பது வயசுல மாசாமாசம் டை அடிச்சுகிட்டு இருந்தவங்களுக்கு கீமோவுக்கு அப்புறம் வர்ற நரை கீமோ குடுத்த நரை இல்ல, ஏற்கனவே இருந்த நரைதான், இப்பத்தான் நேர்ல பாக்குறாங்க.

இந்த இடத்துல மொட்டை விஷயத்தை முடிச்சுடணும். பூனை முடி வந்த உடனே வீட்ல பெரியவங்க, இன்னொரு தடவை வழிச்சுட்டா அடர்த்தியா வரும்னு சொல்லுவாங்க. குழந்தைங்களுக்கு ரெண்டு மூணு மொட்டை போடுற பழக்கத்துலேர்ந்து வந்த நம்பிக்கை இது. பிளேடு தோலுக்கு மேல இருக்கிற செத்த முடியைத்தான் வெட்டுது, அடர்த்தியை முடிவு பண்ற மயிர்க்கால் கீழ பத்திரமா இருக்கு, அதுக்கு மேல நடக்குறது தெரியவே தெரியாது. வழிச்ச முடியோட முனை மொட்டையா இருக்கிறதால தடவுனா சொரசொரன்னு அடர்த்தி மாதிரி தோணும், அம்புட்டுத்தான். ஆசை ஆசையா வந்த ஒரு இஞ்சை வழிச்சுட்டு மறுபடி பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்க வேணாம்.

தலையைப் பத்தியே பேசிகிட்டு இருக்கோம், புருவமும் இமை முடியும் போறதை யாரும் முன்னாடியே சொல்றது இல்ல. தலைமுடி போய் கொஞ்ச நாள் கழிச்சுத்தான் இது போகும், சிலருக்கு கடைசி டோஸ் பக்கத்துல, இன்னும் சிலருக்கு கீமோ முடிஞ்ச பிறகுகூட. தலைக்காவது துணி கட்டிக்கலாம், கோயில் மொட்டைன்னு சொல்லிக்கலாம், புருவம் போனாத்தான் முகமே மாறிப் போகுது. இமை முடி இல்லன்னா தூசி நேரா கண்ணுல விழும், வண்டியில போகும்போது கண்ணாடி போட்டுக்கணும். மூக்கு முடியும் போயிருக்கும், அதனால சளி இல்லாமயே மூக்கு ஒழுகிகிட்டே இருக்கும், சித்தி இதை ஜலதோஷம்னு நெனைச்சு கஷாயமா குடிச்சுகிட்டு இருந்தாங்க. நல்ல செய்தி என்னன்னா புருவமும் இமையும் நீளம் கம்மிங்கிறதால தலையை விட சீக்கிரமே பழைய நிலைமைக்கு வந்துரும். வந்த உடனே த்ரெட்டிங் பண்ணிக்க ஓட வேணாம், தோல் கொஞ்சம் தேறட்டும்.

கொட்டாம தடுக்க வழியே இல்லயான்னா ஒண்ணு இருக்கு, தலையைக் குளிர வைக்கிற தொப்பி. கீமோ ஏறுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போட்டு, ஏறி முடிஞ்சும் ஒன்றரை மணி நேரம் வாக்குல வச்சிருப்பாங்க. குளிர்ல தலைத்தோல் ரத்தக்குழாய் சுருங்கும், மருந்து கம்மியாப் போகும், செல்லும் மந்தமாகி மருந்தை கம்மியா உள்ள இழுக்கும். அமெரிக்காவுல 2015 டிசம்பர்ல இதுக்கு மொத அனுமதி கெடச்சுது, 2017ல வெளிவந்த ஒரு ஆய்வுல மார்பக கேன்சர் பெண்கள்ல தொப்பி போட்டவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு முடி பெருமளவு தங்குச்சு, போடாதவங்கள்ல ஒருத்தருக்குக்கூட தங்கல. செவப்பு மருந்தை விட டாக்சல் வகைக்கு நல்லா வேலை செய்யுது. ரத்தப் புற்றுநோய்க்கு இது கூடாது, ஏன்னா அங்க கேன்சர் செல்லே ரத்தத்துல சுத்திகிட்டு இருக்கு, தலைக்கு மருந்து போகாம தடுத்தா அங்க ஒளிஞ்சுக்கும். எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்காது, தனியா காசு ஆகும், குளிர் தாங்காம தலை விண்ணுனு வலிக்கும், மொத டோஸ்லேர்ந்தே போடணும், பாதியில யோசிச்சுப் பிரயோஜனம் இல்ல. வேணும்னா முன்னாடியே கேட்டுருங்க.

முடி வளர தலையில தடவுற மருந்து மினாக்சிடில், அதைத் தடவுனா கொட்டாம இருக்குமான்னு கேக்குறாங்க. கொட்டுறதைத் தடுக்காது, ஆனா கொட்டுன பிறகு திரும்ப வர்றதை கொஞ்சம் சீக்கிரமாக்கும், 1996ல வந்த ஒரு சின்ன ஆய்வுல சுமார் 50 நாள் முன்னாடியே வந்துச்சு. டாக்டரைக் கேக்காம வாங்காதீங்க.

இன்னொண்ணு பயோட்டின்ங்கிற வைட்டமின் மாத்திரை, முடின்னாலே மெடிக்கல்ல இதைத்தான் எடுத்துக் குடுக்குறாங்க. ஒடம்புல பயோட்டின் கொறை இல்லாதவங்களுக்கு இதனால பெருசா ஒண்ணும் நடக்காது, ஆனா அதிக டோஸ்ல எடுத்தா சில ரத்த டெஸ்ட் ரிசல்ட்டை தப்பா காட்ட வைக்கும், தைராய்டு டெஸ்ட், மாரடைப்புக்குப் பாக்குற ட்ரோபோனின் டெஸ்ட் எல்லாம் இதுல சேரும், அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லயே இதுக்கு எச்சரிக்கை குடுத்திருக்கு. மாசாமாசம் டெஸ்ட் எடுக்கிற ஆளுக்கு இது வேண்டாத வம்பு.

எண்ணெய் கேக்குறவங்களுக்கு, தேங்காய் எண்ணெய் லேசா தடவுறது தோல் காயாம இருக்க நல்லதுதான், முடியை அது முளைக்க வைக்காது. ஆயிரக்கணக்குல விக்கிற கீமோ ஸ்பெஷல் மூலிகை எண்ணெய் எல்லாம் முடி தானா வர்ற நேரத்துல பேரைத் தட்டிகிட்டுப் போறதுதான், எனக்கு அதுங்க மேல நல்ல கோவம் இருக்கு. வெறும் தலையில வெயில் பட்டா கருகிரும், நம்ம ஊரு ஏப்ரல் மே வெயிலுக்கு காட்டன் ஸ்கார்ஃபோ தொப்பியோ இல்லாம வாசல்ல நிக்காதீங்க. சீயக்காய் தூளு அந்த நேரத்து தலைக்கு சொரசொரப்பு அதிகம், மைல்ட் ஷாம்பு போதும்.

விக் வாங்குறதா இருந்தா முடி இருக்கும்போதே போய் நிறம், அடர்த்தி பாத்து எடுத்து வச்சுருங்க, அப்புறம் போனா கடைக்காரரே பழைய போட்டோவைக் கேப்பார். சிந்தடிக் விக் வெலை கம்மி, லேசா இருக்கும், ஆனா அதைப் போட்டுகிட்டு கேஸ் அடுப்பு முன்னாடி நின்னு தாளிக்கக் கூடாது, அந்த ஆவிக்கும் சூட்டுக்கும் முன்பக்கம் பொசுங்கி சுருண்டுக்கும். ஒரிஜினல் முடி விக் பாக்க அப்படியே இருக்கும், வெலையும் அதிகம், அலசி காயவச்சு பராமரிக்கணும். வீட்ல பெரும்பாலான நேரம் எல்லாரும் கழட்டி வச்சுட்டு காட்டன் துணிதான் கட்டிக்கிறாங்க, புழுக்கம் அப்படி.

டை அடிக்கிறதுக்கு ஆறு மாசமாவது பொறுங்கன்னு பொதுவா சொல்றாங்க, புது முடி மெல்லிசு, தலைத்தோலும் நொந்துபோன தோல். மருதாணிதானேன்னு கருப்பு மருதாணி பாக்கெட்டைப் பிரிக்காதீங்க, அந்தக் கருப்பு மருதாணியோடது இல்ல, டைல போடுற அதே பிபிடி கெமிக்கல்தான் நிறைய பாக்கெட்ல இருக்கு, அலர்ஜி வந்தா முகம் வீங்கிரும். காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் எதையும் தலைக்கு வைக்கணும்.

கீமோ இல்லாத மத்த ட்ரீட்மென்ட்டுக்கும் முடி மாறும். கரண்ட் வைக்கிறதுன்னு நம்ம ஊர்ல சொல்ற ரேடியேஷன் எந்த எடத்துல வைக்கிறாங்களோ அந்த எடத்து முடிதான் போகும், மார்புல வச்சா தலைமுடி போகாது, தலையில வச்சா போகும், டோஸ் அதிகமா இருந்தா அந்த எடத்துல திரும்ப வராமலும் போகலாம், ஏன்னா அது அந்த சோம்பேறி ஸ்டெம் செல்லையும் சேத்து அடிக்கும். இமாட்டினிப்னு ரத்தப் புற்றுநோய் மாத்திரை, அதைச் சாப்பிட்ட 133 பேர்ல 9 பேருக்கு நரைச்ச முடி மறுபடி கருத்துச்சுன்னு 2002ல எழுதியிருக்காங்க. கிட்னி கேன்சருக்குக் குடுக்குற சுனிட்டினிப் அதுக்கு நேர் எதிர், நாலு வாரம் சாப்பிட்டு ரெண்டு வாரம் விடுற மாத்திரை அது, சாப்பிடுற வாரத்துல வளர்ற முடி வெள்ளையா வரும், விட்ட வாரத்துல வளர்றது கருப்பா வரும், ஒரே முடியில பட்டை பட்டையா கருப்பு வெள்ளைன்னு இருக்கும். செடுக்சிமாப், எர்லோட்டினிப் எடுக்கிறவங்களுக்கு இமை முடி கன்னாபின்னான்னு நீளமா வளந்து சுருண்டு கண்ணுக்குள்ளயே குத்தும், அழகா இருக்குன்னு விட்டுறாம கண் டாக்டர்கிட்ட காட்டணும்.

மார்பக கேன்சர்க்காரங்க ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கணும். கீமோ முடிஞ்சு டமாக்சிஃபென் இல்ல லெட்ரோசோல் மாதிரி ஹார்மோன் மாத்திரை அஞ்சு வருஷம், பத்து வருஷம்னு ஓடும். இந்த மாத்திரையால முன்நெத்தியும் வகிடும் மெலியுறது உண்டு. முடி வந்துச்சு, ஆனா பழைய அடர்த்தி வரலயே, கீமோ நாசம் பண்ணிருச்சேன்னு நெனைக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு உண்மையான காரணம் இந்த மாத்திரைதான். அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க, நோய் திரும்ப வராம பாத்துக்கிறதே அதுதான், மெலியுறதுக்கு தனியா வைத்தியம் இருக்கு.

நிரந்தரமா வராமலே போறது கம்மி, ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன்னாடி அதிக டோஸ்ல குடுக்குற புசல்ஃபான்ங்கிற கீமோ மருந்துல இது நடக்கும், டோசிடாக்சல்லயும் கொஞ்சம் பேருக்கு நடக்குது. கடைசி டோஸ் முடிஞ்சு ஆறு மாசம் ஆகியும் தலைத்தோல் தெரியுற அளவுக்கு இடைவெளி இருந்தா தோல் டாக்டரைப் பாருங்க. அவங்க தைராய்டு, இரும்புச்சத்து, வைட்டமின் டி எல்லாம் பாப்பாங்க, கீமோவுல சாப்பாடு இறங்காம ஒடம்பு தேஞ்சு போயிருக்கிறதால இந்தக் கொறைங்க நிறைய பேருக்கு இருக்கும், அதை சரி பண்ணாலே சிலருக்கு முடி கிளம்பிரும். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோட எடுத்துட்டுப் போங்க, என்ன மருந்து எத்தனை டோஸ் போச்சுன்னு அதுலதான் இருக்கும், செவப்பா ஒண்ணு போட்டாங்க டாக்டர்னு சொன்னா அவங்களுக்குப் பத்தாது.